வந்தவர்களும் இருந்தவர்களும்: ஒரு மருத்துவ அமைப்பின் தன்விமர்சனத்தை வாசித்தல்

சாஃப்ட்வேர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுச்சு, நாலு பேர் முழிச்சிருந்து விடியறதுக்குள்ள எழுப்பிட்டாங்கன்னு வைங்க. அத்தோட வேலை முடியாது. மறுநாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதணும். கோளாறு எப்போது தெரிந்தது, யார் என்ன முடிவெடுத்தார், அந்த நேரத்தில் அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும். இதற்கு போஸ்ட்மார்ட்டம் என்று பேர். இருபது வருஷமா இதைப் படிச்சும் எழுதியும் வர்றதால, எது நிஜமான அறிக்கை, எது மேலிடத்துக்காக எழுதினதுன்னு ரெண்டாவது பக்கத்திலேயே பிடிபட்டுடும்.

போர்க்களத்திலும் பேரிடரிலும் வேலை செய்யும் மருத்துவ உதவி அமைப்புகள் தங்களைப் பற்றி எழுதுவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வகைதான். நன்கொடையாளர் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை. அதனால்தான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு (இனி எம்.எஸ்.எஃப்.) தன் 40ஆம் ஆண்டில், 2011இல், கொண்டுவந்த ஒரு தொகுப்பைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. கிளேர் மகோன், மிகாயேல் நியூமன், ஃபப்ரிஸ் வைஸ்மான் மூவரும் தொகுத்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்தது. எந்தெந்த நாட்டில் எந்தெந்த அரசோடும் ஆயுதக் குழுவோடும் என்ன பேரம் பேசினோம், எதை விட்டுக்கொடுத்தோம் என்று அமைப்பு தானே பட்டியல் போடும் புத்தகம் இது. முதல் அத்தியாயமே இலங்கை. எழுதியவர் வைஸ்மான்.

இந்தக் கட்டுரை அந்த அத்தியாயத்தைப் பற்றியது. அதில் பாராட்டவும் இருக்கு, சண்டை போடவும் இருக்கு.

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதணும்னு ஒரு கேள்வி வரலாம். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் இங்கிருந்து சென்னை 550 கிலோமீட்டருக்கு மேல். கிளிநொச்சி சுமார் 340 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அதே மாதம்தான் வன்னியிலிருந்து ஐ.நா.வும் ஏறக்குறைய எல்லா வெளி உதவி அமைப்புகளும் கிளம்பின. நமக்கு ஒரு போன் போட்டா வண்டி வரும் என்ற நிலை பிறந்த மாதமும், 340 கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கு எந்த வண்டியும் வராது என்ற நிலை பிறந்த மாதமும் ஒன்றுதான்.

புத்தகம் சொல்வது

எம்.எஸ்.எஃப். பிறந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் பியாஃப்ரா போர். அங்கே செஞ்சிலுவையின் கீழ் வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலருக்கு ஒரு மனக்குறை. கண்ணால் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் புரட்டிய புயலுக்குப் பிறகு உதவிக்குப் போக நினைத்த இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. 1971 டிசம்பரில் பாரிஸில் அமைப்பு உருவானது. வைத்தியமும் பார்ப்போம், பார்த்ததைச் சொல்லவும் செய்வோம் என்பது அதன் அடையாளமாக ஆனது. 1999இல் நோபல் அமைதிப் பரிசு.

இந்தப் புராணத்தைத்தான் 2011 புத்தகம் கலைக்கிறது. 'மனிதாபிமானத்துக்கென்று ஒதுக்கிய புனிதமான இடம்' எதுவும் உலகத்தில் கிடையாது. கிடைக்கும் இடமெல்லாம் பேரத்தில் கிடைத்தது. அந்தப் பேரத்தில் எதிராளிக்கும் ஏதோ லாபம் இருந்திருக்கும். இதுதான் புத்தகத்தின் வாதம். ஓர் அமைப்பு தன் நன்கொடையாளர்கள் படிக்கக்கூடிய புத்தகத்தில் இதைச் சொல்வது சாதாரண விஷயமில்லை.

இலங்கை அத்தியாயத்தில் அந்த வாதம் நன்றாகவே நிற்கிறது. எம்.எஸ்.எஃப். 1986இலேயே இலங்கைக்கு வந்த அமைப்பு. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு வேலையைக் குறைத்து வெளியேறியது. 2006இல் மறுபடி சண்டை மூண்டதும் திரும்பி வந்தது. இந்த முறை வரவேற்பு வேறு மாதிரி. புலிகளுக்கு உதவுகிறார்கள் என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு, விசா பிரச்சினை, வெளியேறச் சொல்லிக் கடிதம், பிறகு அது வாபஸ். ஒருவழியாக அனுமதி கிடைத்து பருத்தித்துறை, வவுனியா, கிளிநொச்சி ஆஸ்பத்திரிகளில் வேலை தொடங்கியது. 2008 செப்டம்பரில் வன்னியை விட்டுப் போகச் சொன்னார்கள். போனார்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. சுமார் 2,90,000 பேர் வவுனியா பக்கம் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் எதிரே எம்.எஸ்.எஃப். கள மருத்துவமனை அமைத்தது. அதற்கு முன்பே வவுனியா பொது ஆஸ்பத்திரியில் அவர்களுடைய அறுவை மருத்துவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே படுக்கைகளைப்போல மூன்று நான்கு மடங்கு நோயாளிகள். தாழ்வாரத்திலும் கட்டிலுக்கு அடியிலும் படுத்திருந்தார்கள். இதற்கெல்லாம் விலை, வாயை மூடிக்கொண்டிருப்பது. அரசின் சம்மதமில்லாமல் வெளியே பேசுவதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் அமைப்பு கையெழுத்திட்டது. பார்த்ததைச் சொல்வோம் என்று பிறந்த அமைப்பு, சொல்லாமல் இருக்கச் சம்மதித்து உள்ளே போனது. வைஸ்மான் இதை மறைக்கவில்லை. அரசின் போர்த் திட்டத்துக்குள், அரசு ஒதுக்கிய மூலையில் நின்று வைத்தியம் பார்த்தோமே, அது சரியா என்ற கேள்வியையும் ஒதுக்கவில்லை.

இதுவரை நல்ல போஸ்ட்மார்ட்டம். ஒரு முடிவை எடுத்தபோது என்ன தெரிந்தது, என்ன அழுத்தம் இருந்தது என்று எழுதியிருக்கிறது. யாரையும் வில்லனாக்கித் தப்பிக்கவில்லை.

கதை எங்கே திரும்புகிறது

என் சண்டை இனிமேல்தான்.

எந்தக் கட்டுரையிலும் எழுவாய் யார் என்று பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். இந்தத் தொகுப்பின் எழுவாய் எம்.எஸ்.எஃப். பேசியது, தயங்கியது, கையெழுத்திட்டது எல்லாம் அமைப்பு. அதில் தவறில்லை, புத்தகத்தின் நோக்கமே அதுதான். ஆனால் அதனால் ஒரு விளைவு ஏற்படுகிறது. 2008 செப்டம்பரில் அமைப்பின் வண்டிகள் வன்னியை விட்டு ஓமந்தை வழியாகத் தெற்கே கிளம்பியதும், கதையும் அவற்றோடு கிளம்பிவிடுகிறது. வாசகன் வவுனியாவில் காத்திருக்கிறான். அடுத்த எட்டு மாதம், அந்தப் போரின் மிகக் கடுமையான மருத்துவ வேலை நடந்த எட்டு மாதம், தடுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது.

எங்கள் தொழிலில் சொல்வதானால், கண்காணிப்பு மென்பொருளை ஒரு சர்வரிலிருந்து கழற்றிவிட்டால் திரையில் கோடு நின்றுபோகும். சர்வர் நின்றதாக அர்த்தமில்லை. வன்னியில் நிற்கவில்லை.

அங்கே யார் இருந்தார்கள்? அரசு மருத்துவர்கள். கிளிநொச்சிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் தங்கமுத்து சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுப் பணிப்பாளர் துரைராஜா வரதராஜா, மருத்துவர் சண்முகராஜா, இன்னும் ஒரு கைப்பிடி மருத்துவர்கள், தாதியர், மருந்தாளர், சிற்றூழியர், ஓட்டுநர்கள், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள், புலிகளின் மருத்துவப் பிரிவினர். அரசு மருத்துவர்களுக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. குண்டும் அங்கிருந்தே வந்தது. இந்த நிலைமைக்கு 'தன்னார்வலர்' என்ற சொல் பொருந்துமா? சம்பளப் பட்டியலைப் பார்த்தால் பொருந்தாது. போகலாம் என்று வாய்ப்பிருந்தும் இருந்தவர்கள் என்று பார்த்தால் இவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சொல் அவ்வளவு சரியாகப் பொருந்தாது.

ஆஸ்பத்திரி நகர்ந்துகொண்டே இருந்தது. கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு தடவையும் கட்டிடம் சுருங்கியது, நோயாளிகள் பெருகினார்கள். புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. முன்பு பிள்ளைகள் எழுதிய மேசைமேல் அறுவை சிகிச்சை. 2008 டிசம்பர் முதல் 2009 மே வரை நிரந்தர, தற்காலிக ஆஸ்பத்திரிகள் மீது சுமார் 30 தாக்குதல்கள் நடந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கிட்டது. ஆஸ்பத்திரிகளின் ஜி.பி.எஸ். ஆயத்தொலைவுகள் செஞ்சிலுவை மூலமாக இரு தரப்புக்கும் கொடுக்கப்பட்டிருந்தன. அடிக்காமல் இருக்கக் கொடுத்த தகவல். அதன் பிறகும் குண்டு விழுந்தது. கடைசிக் கட்டத்தில் 'எங்கள் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டாம்' என்று மருத்துவர்களே கேட்டுக்கொண்டதாகச் சாட்சியங்கள் உண்டு. தரவு பாதுகாப்பு பற்றி நாங்கள் வகுப்பெடுக்கும்போது இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

புலிகளின் பங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மர்சுகி தருஸ்மன் தலைமையில் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும், ஆயுதங்களை மக்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அருகில் வைத்ததையும் அது எழுதியது. அரசு மருந்தையும், குறிப்பாக அறுவை சிகிச்சைப் பொருட்களையும், தேவைக்கு மிகக் குறைவாக அனுப்பியது என்றும் எழுதியது. உள்ளே சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்ன கணக்கை மறக்க வேண்டாம். வெளியே வந்தது அதைப்போல நாலு மடங்கு. தலையை எண்ணும்போதே குறைத்துவிட்டால் மருந்துப் பெட்டியும் தானாகக் குறையும். எக்செல் ஷீட்டில் முதல் கட்டத்தைத் தப்பாகப் போட்டால் கீழே எல்லாம் தப்பாவதுபோல. வித்தியாசம், இங்கே அது கைப்பிழையில்லை என்று அந்தக் குழு கருதியது.

ஒரே ஒரு வாசல் கடல். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2009 பிப்ரவரி 10 முதல் மே 9 வரை, காயம்பட்டவர்கள், நோயாளிகள், கூட வந்த உறவினர்கள் என்று 14,000 பேருக்கு அருகில் கப்பலில் ஏற்றித் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோனது. மே 9க்குப் பிறகு கப்பல் கரைக்கு வர முடியவில்லை. மே 12, 13 இரண்டு நாளும் முள்ளிவாய்க்கால் தற்காலிக ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்தது. மே 13 தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். தென்காசித் தொகுதியிலும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம்.

வைத்தியமா, பேச்சா?

எம்.எஸ்.எஃப். அத்தியாயத்தின் மையத்தில் ஒரு இக்கட்டு இருக்கிறது. பேசினால் வெளியே தள்ளுவார்கள், நோயாளியைப் பார்க்க முடியாது. பேசாவிட்டால் நோயாளியைப் பார்க்கலாம், ஆனால் அவர் ஏன் நோயாளியானார் என்பதை மறைக்கத் துணைபோகிறோம். உலகம் முழுக்க உதவி அமைப்புகள் பற்றிய விவாதங்களில் இந்த இக்கட்டு ஒரு தத்துவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. இதை வைத்து எத்தனையோ கட்டுரை, கருத்தரங்கு.

வன்னி மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த இக்கட்டு யாருடையது என்று தெரியவரும். அவர்கள் இரண்டையும் செய்தார்கள். பகலில் அறுவை சிகிச்சை, இடையில் தொலைபேசி. இன்று இத்தனை பேர் கொண்டுவரப்பட்டார்கள், இத்தனை பேர் இறந்தார்கள், மயக்க மருந்து இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஊடகங்களுக்குத் தொடர்ந்து சொன்னார்கள். 2009 மார்ச்சில் கொழும்பு சுகாதார அமைச்சுக்குக் கடிதமே எழுதினார்கள். அத்தியாவசிய மருந்தும் அடிப்படை வசதியும் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியில் நடந்த சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்பது கடிதத்தின் சாரம். பதிலாக வந்தது ஒழுங்கு நடவடிக்கை எச்சரிக்கை.

வெளியேற்றப்படுவோம் என்ற பயம் அவர்களுக்குச் செல்லுபடியாகாத நாணயம். வெளியேற்றம் என்பது வெளியே ஒரு வீடு இருப்பவருக்குத்தான் தண்டனை. இவர்களுக்கு வைத்திருந்த தண்டனை வேறு. மே நடுவில் வெளியே வந்ததும் கைது. ஜூலை 8ஆம் தேதி கொழும்பில் ஊடகங்கள் முன் ஐந்து மருத்துவர்கள் உட்காரவைக்கப்பட்டார்கள். நாங்கள் சொன்ன சாவுக்கணக்கு மிகை, புலிகளின் அழுத்தத்தில் சொன்னோம் என்றார்கள். அப்போதும் அவர்கள் காவலில்தான் இருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஜாமீன். பல வருஷம் கழித்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்த வரதராஜா, அந்தப் பேச்சு நிர்ப்பந்தத்தில் பேசியது என்று சொன்னார்.

ஆக, 'பேசுவதா, வைத்தியமா' என்ற கேள்வி வந்தவர்களுடைய கேள்வி. இருந்தவர்கள் இரண்டையும் செய்து, இரண்டுக்கும் விலை கொடுத்து, சொன்ன பேச்சைத் தாங்களே மறுக்கும்படியும் ஆக்கப்பட்டார்கள். எம்.எஸ்.எஃப்.பின் மௌனம் பற்றிய எந்த விசாரணையும், அதே மாதங்களில் மௌனமாக இருக்க மறுத்த இவர்களை நடுவில் வைக்காமல் முழுமையாகாது. அமைப்பு தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி 'நாம் பேசியிருக்க வேண்டுமா' என்பது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் நாம் எவ்வளவு நெருங்கி நின்றோம்' என்பது. இரண்டாவது கேள்விக்கு வீரம் தேவையில்லை. அவர்கள் சொன்ன எண்ணை நம்பகமானது என்று ஒரு மருத்துவ அமைப்பு உறுதி செய்தாலே அது பெரிய காரியம்.

பதினேழு பேர்

இது இலங்கையில் ஒரு தடவை நடந்த விபத்தில்லை, இந்தத் துறையின் அமைப்பே இப்படித்தான் என்பதற்கு மூதூர் சாட்சி.

2006 ஆகஸ்ட் 4. பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் பிரெஞ்சு அமைப்பு, இலங்கையில் 'அக்சன் பாம்' என்று சொல்வார்கள். அதன் மூதூர் அலுவலகத்தில் 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 13 ஆண்கள், 4 பெண்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பலர் சுனாமி மறுவாழ்வு வேலைக்காகச் சேர்ந்தவர்கள். அமைப்பின் டீ-ஷர்ட்டைப் போட்டிருந்தார்கள். 17 பேரில் ஒருவர்கூட வெளிநாட்டவர் இல்லை. பேரிடர் உதவிக்குப் போனவர்கள் போருக்குள் சிக்கிய கதை இது. பேரிடர்க்களம், போர்க்களம் என்று நாம் கோப்பில் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறோம். திருகோணமலை மாவட்டத்தில் அவை ஒரே தெருவில் இருந்தன. 2013இல் அந்த அமைப்பே, அரச படையினர்தான் பொறுப்பு என்று அறிக்கை வெளியிட்டது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

செஞ்சிலுவைக் குழுவும் 2009 மார்ச் தொடங்கி மே வரை வன்னியில் மூன்று பணியாளர்களை இழந்தது. அவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். நிறுவனங்கள் ஆபத்தைக் கணக்கிடும்போது முதலில் வெளிநாட்டுப் பணியாளரை வெளியே எடுக்கும். உள்ளூர்ப் பணியாளருக்கு வீடே அதுதான், அவர் எங்கே போவார் என்று விட்டுவிடும். வன்னியில் இன்னொரு பூட்டும் இருந்தது. உள்ளூர்ப் பணியாளர்களின் குடும்பங்கள் வெளியேறப் புலிகள் அனுமதி தரவில்லை. குடும்பத்தை விட்டுப் போகாதவர் அங்கேயே நின்றார்.

செய்தியிலும் இதே கணக்கு. லண்டனிலிருந்து உறவினரைப் பார்க்க வந்து வன்னியில் மாட்டிக்கொண்ட ஓர் இளம்பெண், உயிரிமருத்துவப் பட்டதாரி, அந்தத் தற்காலிக ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுப்போட்டு உதவினார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவருடைய சாட்சியத்தைப் பெரிதாக வெளியிட்டன. அவர் செய்தது மகத்தான காரியம், சந்தேகமில்லை. ஆனா அவர் பக்கத்தில் நின்ற தாதியின் பெயர் எந்தப் பத்திரிகையில் வந்தது? பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாத சாட்சி செய்தியாவதில்லை.

நம்ம பக்கம்

பாரிஸைக் கேள்வி கேட்டாச்சு. நம்மையும் கேட்கணும்.

2009 மார்ச்சில் இந்தியா திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் ஒரு ராணுவக் கள மருத்துவமனை அமைத்தது. சுமார் 50 பேர் கொண்ட குழு. பிறகு அது மெனிக் பாம் பக்கம் போனது. கிட்டத்தட்ட ஆறு மாதம் வேலை செய்து திரும்பியது. அங்கே வேலை செய்த மருத்துவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. கப்பலில் வந்து இறங்கிய காயக்காரருக்கு அது உயிர். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் இதை 'இந்தியா உதவியது' என்ற கட்டத்தில் போட்டு டிக் அடித்துவிடுகிறோம். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் போதனா ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டதில் மூன்று மருத்துவர்கள் உட்பட 21 ஊழியர்களும் பல நோயாளிகளும் இறந்தார்கள். 'முறிந்த பனை' நூல் இதை விவரமாகப் பதிந்திருக்கிறது. அந்நூலாசிரியர்களில் ஒருவரான ராஜனி திராணகம யாழ் பல்கலைக்கழக உடற்கூறியல் துறைத் தலைவர், மருத்துவர். 1989 செப்டம்பர் 21 அன்று அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1987ஐ மறந்துவிட்டு 2009 மருத்துவமனையை மட்டும் நினைவில் வைத்தால் நம் கணக்கும் நன்கொடை அறிக்கை மாதிரிதான்.

இன்னொன்று. ஜூலை 8 பேட்டிக்குப் பிறகு நம் ஊர் டீக்கடையிலும் இணையத்திலும் அந்த மருத்துவர்களைத் துரோகி என்றவர்கள் இருந்தார்கள். ரெண்டு மாசம் முன்னாடி அதே ஆட்கள் அவர்களைத் தெய்வம் என்றார்கள். தெய்வம், துரோகி இரண்டுமே பார்வையாளன் வைக்கும் பெயர்கள். காவலில் இருக்கும் ஒரு மனுஷன் வாயிலிருந்து வருவதை எப்படி வாசிக்க வேண்டும் என்ற அடிப்படைப் பொறுமைகூட நமக்கு இருக்கவில்லை. வைஸ்மானிடம் நான் குறை சொன்னதே இங்கேயும் பொருந்தும். மருத்துவர்களை நாம் நம் கதைக்குத் துணைப்பாத்திரமாக்கிக் கொண்டோம்.

கிறீன் வைத்துவிட்டுப் போனது

அப்போ வெளியிலிருந்து வருவதே வீண் என்கிறேனா? இல்லை. யாழ்ப்பாணத்திலேயே எதிர் உதாரணம் இருக்கிறது.

1847இல் அமெரிக்க மிஷன் சார்பில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரியோடு மருத்துவப் பயிற்சியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, வேதியியல், அறுவை, பிரசவம் என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். கலைச்சொற்களை உருவாக்கினார். 1873இல் ஊர் திரும்பிய பிறகும் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. அவரிடம் படித்து வெளியே வந்த உள்ளூர் மருத்துவர்கள் 60க்கு மேல். அவருக்கு மதமாற்ற நோக்கமும் இருந்தது, அதை விமர்சிக்க நிறைய இடமுண்டு. ஆனால் மருத்துவ உதவி என்ற அளவில் அவர் வைத்துவிட்டுப் போனது, அவர் இல்லாமலே நடக்கும் ஒரு ஏற்பாடு. கிளம்பிய பிறகு எது மிஞ்சியது என்பதுதான் வந்தவரை எடைபோடச் சரியான தராசு. வன்னியில் எட்டு மாதம் தாக்குப்பிடித்ததும் பல காலமாக உள்ளூரில் படித்து, உள்ளூர் மொழி பேசி, உள்ளூர் ஆஸ்பத்திரியில் பழகிய ஆட்களால்தான்.

பெரிய போர் வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த மாதிரி நேரத்தில் முதல் பத்து நிமிஷம் யார் கையில் இருக்கு? அருவியில் நின்றவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், பழக்கடைக்காரர், ஆட்டோக்காரர், காவலுக்கு நின்ற போலீஸ்காரர். மீட்புப் படை எவ்வளவு வேகமாக வந்தாலும் பதினோராவது நிமிஷத்துக்குத்தான் வரும். முதலுதவிப் பயிற்சி யாருக்குக் கொடுக்க வேண்டும், கயிறும் விசிலும் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்து தெளிவாகவே வரும். ஆனாலும் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் நாம் பேசுவது வெளியிலிருந்து எத்தனை குழு வந்தது என்பதைப் பற்றித்தான்.

எம்.எஸ்.எஃப். புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, கட்டாயம் படியுங்க. தன் சமரசங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய இன்னொரு உதவி அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. படிக்கும்போது மூன்று கேள்விகளைப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்க. இந்தப் பத்தியில் பேசும் அமைப்பு கிளம்பிய பிறகு அதே இடத்தில் யார் வைத்தியம் பார்த்தார்? அவருக்கு மருந்து எப்படிப் போனது? அவர் சொன்னதை யார் வழிமொழிந்தார்?

இலங்கை அத்தியாயத்தில் இந்த மூன்றுக்கும் பதில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரு சிலர் பெயருக்குத்தான் வந்து நிற்போம், அவர்களும் மருத்துவர்கள். தாதியர், மருந்தாளர், கத்தி ஸ்டெரிலைஸ் செய்த சிற்றூழியர், குண்டு மழையில் டிராக்டரில் காயக்காரரை ஏற்றிவந்த ஓட்டுநர் இவர்களுடைய போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை. அவர்களில் பலர் இன்றும் வடக்கில் அதே வேலையில் இருக்கிறார்கள். அந்த அறிக்கை தமிழில்தான் எழுதப்பட முடியும். எழுதப்பட்டால், 2008 செப்டம்பரில் நின்றுபோன கோடு அங்கிருந்து தொடரும்.